அறை ஒத்ததிர்வு

அறை ஒத்ததிர்வு என்பது, மூடிய அறையொன்றின் எதிரெதிர்ச் சுவர்களிடையே மோதித் திரும்பும் ஒலியலைகள் சில அதிர்வெண்களில் ஒன்றுசேர்ந்து நிலையலைகளாக அமையும் நிகழ்வு ஆகும். வீட்டில் ஸ்டீரியோ கேட்போர் "பேஸ் குமுறுகிறது" என்றோ "பேஸே இல்லை" என்றோ கூறும் குறைகளுக்குப் பெரும்பாலும் கருவியைவிட அறையே காரணம். ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதால் இக்குறை நீங்காது.

தோன்றும் முறை

ஒலியின் வேகம் 20 பாகை செல்சியசில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். இதனைச் சுவர்களுக்கிடையேயான தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் அடிப்படை ஒத்ததிர்வெண் கிடைக்கும். தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாகக் காணப்படும் "பத்துக்குப் பத்து" அடி அறையில் இது 56 ஹெர்ட்ஸ் ஆகும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், அந்த ஒரு சுரம் மட்டும் பிறவற்றை அமுக்கிக்கொண்டு கேட்கும். கூரையும் பத்தடி உயரமாயின் நீளம், அகலம், உயரம் மூன்றின் ஒத்ததிர்வுகளும் ஒரே இடத்தில் குவிகின்றன. இசைக்குக் கனசதுர அறையைவிட மோசமான வடிவம் இல்லை எனலாம்.

அடிப்படை நிலையலையின் அழுத்தம் சுவரருகே உச்சமாகவும் அறையின் நடுவில் சுழியாகவும் இருக்கும். ஒரே பாடல் சுவரோரக் கட்டிலில் குமுறுவதும், நடுவிலுள்ள நாற்காலியில் மெலிவதும் இதனாலேயே.

எதிர்முழக்கம்

உயர் அதிர்வெண்களில் சிக்கல் வேறு. காங்கிரீட் கூரை, பூசிய சுவர், டைல்ஸ் தரை ஆகியன தம்மீது படும் ஒலியில் மிகச் சிறு பங்கையே உறிஞ்சுகின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் கிளெமென்ட் சபைன் 1890களில் இருக்கை மெத்தைகளைக் கொண்டு ஆய்ந்து கண்ட சமன்பாட்டின்படி, எதிர்முழக்க நேரம் கனஅளவை உறிஞ்சும் பரப்பால் வகுத்து 0.161 ஆல் பெருக்கியதற்குச் சமம். சராசரியாக 3 விழுக்காடு உறிஞ்சப்படுவதாகக் கொண்டால், பத்தடிக் கனசதுர வெற்றறைக்கு இது 2.7 நொடி. பெரிய இசையரங்குகளுக்கே 2 நொடி அளவு போதுமானது. வீட்டறைக்கு அரை நொடிக்கும் குறைவு நன்று. மெத்தை, கனத்த திரைச்சீலை, கம்பளம், துணிகள் தொங்கும் திறந்த அலமாரி ஆகியன இதனை வெகுவாகக் குறைக்கும்.

ஒலிபெருக்கிகளை அமைத்தல்

இரு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைதல் வழக்கம். பின்சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 விழுக்காட்டுத் தொலைவில், அதாவது பத்தடி அறையில் 1.16 மீட்டரில், அமர்ந்து தொடங்கலாம். ஒலிபெருக்கிகள் முன்சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி நின்றால் முக்கோணத்தின் பக்கம் 1.6 மீட்டராகும். மூலைகள் பேஸை மிகைப்படுத்துவதால் தவிர்க்கத்தக்கவை. சப்வூஃபர் இருப்பின், அதனைக் கேட்பவரின் இருக்கையில் வைத்து இயக்கி, தரையோரமாக நகர்ந்து கேட்டு, பேஸ் சீராக உள்ள இடத்துக்கு அதனை மாற்றலாம். ஒலி மூலமும் செவியும் இடம் மாறினாலும் விளைவு மாறாது என்பதே இதன் அடிப்படை.

தவறான தீர்வுகள்

சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டுவது பயனற்றது. 56 ஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கு நீளமே 1.5 மீட்டர் என்பதால், ஓரங்குல நுரைத்தகடும் அதனைத் தடுக்காது. ஈக்வலைசர் மூலம் ஓர் இருக்கையில் மட்டும் உச்சங்களைக் குறைக்கலாம். அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் பள்ளங்களை நிரப்ப இயலாது. திறனைக் கூட்டினால் அழியும் அலையும் உடன் கூடும். அவ்வாறான நிலையில் நாற்காலியை ஓரடி நகர்த்திப் பார்ப்பதே செலவில்லாத வழி.