விண்ணப்பத் தாளிலிருந்து நேர்முக அறை வரை

அரசுப் பணிக்குரிய தேர்வை எந்த ஊரில் நடத்துவது என்னும் வினா, நம் மக்களின் தொடக்க காலக் கிளர்ச்சிகளுள் ஒன்றுக்கு வித்தாயிற்று என்றால் இன்றைய இளைஞர் வியப்படைவர். அந்நாளில் இந்திய சிவில் சர்வீஸ் தேர்வு இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. அதனை இந்தியாவிலும் அதே வேளையில் நடத்துதல் வேண்டும் எனக் காங்கிரசார் கோரினர். 1893ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபை அதற்கு இசைவான தீர்மானத்தை நிறைவேற்றியது. 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் அவ்வாண்டின் இறுதியில் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, அக்கோரிக்கையை மறுத்து 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள விண்ணப்பத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்.

இச்செயலைப் பிற்போக்கு என்று பழித்தோர் உண்டு. அவர் தேர்வு என்னும் முறையையே வெறுத்தார் என்று கொள்வது பிழை. பள்ளிக்கூடத்தின் வாயிற்படியே நம் பிள்ளைகளுக்குத் திறவாத காலம் அது. அந்நிலையில் தேர்வு மண்டபம் சென்னைக்கு வந்தால் அதில் அமர்வோர் யார், வென்றபின் நம்மீது ஆணை செலுத்துவோர் யார் என்பதே அவர் எண்ணம். அந்த 112 அடித் தாளை நம் சமூகம் எழுதிய முதல் வேலை விண்ணப்பம் என்றுகூட நான் சொல்லுவேன். வேலை வேண்டி எழுதியதன்று, வேலைக்கு முன் கல்வி வேண்டும் என்பதை உணர்த்த எழுதியது.

அதன்பின் வந்தவை பலரும் அறிந்தவை. நீதிக்கட்சிக் காலத்து வகுப்புவாரி ஆணை 1928இல் நடைமுறைக்கு வந்தபோது, 12 பணியிடங்களைப் பகுத்து அவற்றுள் ஒன்றைத் தாழ்த்தப்பட்டோருக்கு அளித்தது. 1947இல் அது 14இல் இரண்டாயிற்று. மத்திய அரசுப் பணிகளில், அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக வீற்றிருந்த 1943இல் எட்டே கால் விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட ஒதுக்கீடு பிறந்தது. 1946இல் பன்னிரண்டரையாகவும் 1970இல் 15ஆகவும் உயர்ந்தது. தமிழ்நாட்டில் 1971இல் 18 விழுக்காடு. அதனுள் 3 விழுக்காடு அருந்ததியருக்கென 2009இல் வகுக்கப்பட்டது.

எண்களைப் படிப்பது எளிது. ஆனால் ஒதுக்கப்பட்ட இடத்துக்கும் அமர்ந்த ஆளுக்கும் நடுவே ஓர் அறை இருந்தது. அதுவே நேர்முகத் தேர்வு அறை. 'தகுதியுடைய விண்ணப்பதாரர் கிடைக்கவில்லை' என்ற ஒற்றை வரி எத்தனை கோப்புகளில் எழுதப்பட்டது! நம் பக்கத்திலும் ஆள் குறைவுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் குறை முழுவதும் நம்முடையதன்று என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்புகளே சான்று.

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் ஒரு காலத்தில் நேர்முகத்துக்கு 75 மதிப்பெண் இருந்தது. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, சமூகப் பணி, உடல் வலிமை, பொதுத் திறன், நாட்டம் என ஐந்து தலைப்புகளில் அதனைப் பகுத்தளிக்க வேண்டும் என்பது விதி. குழுவினரோ தலைப்புவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக அள்ளி வழங்கினர். பெரியகருப்பன் என்பார் தொடுத்த வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தவறெனக் கண்டது. விளையாட்டுத் திடலே இல்லாத சிற்றூர்ப் பள்ளியில் பயின்றவன் முதல் தலைப்பில் எதைச் சொல்வான் என்பதை மட்டும் எவரும் கேட்கவில்லை.

1980இல் தீர்ந்த அஜய் ஹாசியா வழக்கு இன்னும் தெளிவானது. ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடங்களே ஒதுக்கி, பெற்றோர் யார், வீடு எங்கே என்று வினவி அனுப்பினர் என்பது வழக்காடியோர் குற்றச்சாட்டு. மொத்தத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்முகத்துக்குத் தருவது தன்னிச்சையாகும் என நீதிமன்றம் கூறியது. தந்தையார் என்ன செய்கிறார் என்னும் வினாவை எளிதென்று எண்ணாதீர்கள். தமிழ்நாட்டில் பெயரின் பின்னே சாதிப் பட்டம் இடுவது அருகிவிட்டமையால், அதனை அறிய விரும்புவோர் ஊரின் பெயரையும் தந்தையின் தொழிலையும் கேட்டே அறிகின்றனர். இவ்வினாவுக்கு நம் பிள்ளைகள் தலைகுனிந்து முணுமுணுப்பதை நான் கண்டதுண்டு. 'என் தந்தையார் விவசாயத் தொழிலாளி; அவர் உழைப்பில் நான் பட்டம் பெற்றேன்' என்று ஒரே மூச்சில், ஓங்காமலும் தாழாமலும் சொல்லப் பழகுதல் வேண்டும். சொல்லியபின் நிறுத்திவிட வேண்டும். அடுத்த வினா பாடத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.

மத்திய அரசு இக்குறையை ஒருவாறு உணர்ந்தது. பட்டியல் இனத்தாரை மற்றவரோடு ஒப்பிட்டு அளக்காதபடி, தனி நாளிலோ தனி அமர்விலோ நேர்முகம் நடத்துமாறு அறிவுறுத்தியது. வேலையற்ற விண்ணப்பதாரருக்கு வழிச்செலவும் வழங்கியது. 2016 ஜனவரி முதல் தன் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத்தையே நீக்கியது. இந்நீக்கத்தால் நம்மவர் பெற்ற நன்மை சிறிதன்று.

பயிற்சியின் வரலாறும் சொல்லத்தக்கது. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945இல் போரிலிருந்து மீண்ட படைவீரருக்கென எழுந்து, பின்னரே பொதுமக்களுக்குத் திறந்தன. பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் அழைப்புக்குக் காத்திருந்தோர் நம்மில் எத்தனை பேர்! காத்திருப்போரை ஆயத்தம் செய்யவேண்டும் என்ற எண்ணத்தில், 1969-70இல் டில்லி, ஜபல்பூர், கான்பூர், சென்னை ஆகிய நான்கு நகரங்களில் பட்டியல் இனத்தாருக்கென வழிகாட்டும் பயிற்சி மையங்கள் நிறுவப்பட்டன. விண்ணப்பம் நிரப்புதல், தட்டச்சு, சுருக்கெழுத்து, நேர்முகத்துக்குமுன் அறிவுரை ஆகியவை அங்கே கிடைத்தன. கல்லூரிப் பேராசிரியரையும் அரசு அலுவலரையும் உறவினராகப் பெற்ற பிள்ளை வீட்டுத் திண்ணையிலேயே கற்றுக்கொள்வதை, முதல் தலைமுறைப் பட்டதாரி கட்டடம் தேடிச் சென்று கற்கவேண்டியிருந்தது.

முதல் வேலையைத் தெரிவதில் இரு பெரியோர் வாழ்க்கை சிந்திக்கத்தக்கது. பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியாவில் கற்ற அம்பேத்கர், அந்நன்றிக்கடன் தீர்க்க 1917இல் பரோடாவில் பணியேற்றார். அலுவலகத்தில் ஏவலரும் கோப்புகளை எறிந்தனர். தங்க இடம் கிடைக்கவில்லை. விலகியவர் 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். கே. ஆர். நாராயணன் அவர்கள் 1943இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றும், விரிவுரையாளர் பணி வேண்டியபோது எழுத்தர் பணியே தர முன்வந்தனர். மறுத்து டில்லி சென்று இதழாளரானார். பின்னர் டாட்டா உதவியுடன் இலண்டன் சென்று பயின்று, 1949இல் வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தார். அவருக்கும் பேராசிரியர் லாஸ்கி நேருவுக்கு எழுதிய அறிமுகக் கடிதம் ஒன்று தேவைப்பட்டது என்பதை மறத்தலாகாது.

இதைப் படித்துவிட்டு, கையில் வந்த எழுத்தர் பணியை எல்லாரும் உதறுக என்று நான் சொல்லவில்லை. வீட்டில் உலை ஏற வேண்டியவன் பணியில் சேரட்டும். மத்திய அரசுத் தேர்வுகளில் நமக்கு ஐந்து ஆண்டு வயதுத் தளர்வு உண்டு. அவ்வாண்டுகள் மேற்தேர்வு எழுதுதற்கே உரியவை. பணி கிடைத்ததும் புத்தகத்தை மூடிவைப்பதே நம்மிடையே மிகுந்த நோய்.

தனியார் நிறுவனங்களில் ஒதுக்கீடும் இல்லை, காப்பும் இல்லை. சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் ஆகிய இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. ஒத்த கல்வியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி நாளேட்டு விளம்பரங்களுக்கு அனுப்பினர். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயருக்குரியதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே இருந்தது. ஆகவே பயோடேட்டா எழுதும் இளைஞர் அதில் சாதியையும் தந்தை தொழிலையும் தாமே முன்வந்து எழுத வேண்டியதில்லை. செய்த பணி, கற்ற கலை, தெரிந்த மொழி ஆகியவற்றை முதற்பக்கத்தில் நிறுத்துக. விடுமுறையில் அச்சகத்திலோ கடையிலோ கணக்கெழுதியிருந்தால் அதனை வெட்கி மறைக்காதீர்கள், அதுவும் அனுபவமே.

அரசுப் பணி விண்ணப்பத்தில் நேர்வது வேறு. கெசட்டட் அதிகாரியின் பச்சை மையைத் தேடி அலைந்த காலம் ஒருவாறு கழிந்தது, தற்சான்றொப்பம் வந்துவிட்டது. பெயர்க் குழப்பம் மட்டும் கழியவில்லை. பள்ளிச் சான்றிதழில் ஒரு முதலெழுத்து, தாசில்தார் தந்த சாதிச் சான்றிதழில் வேறோர் எழுத்து, பிறந்த நாளில் ஒரு திங்கள் வேறுபாடு. தேர்வில் வென்றவர் சான்றிதழ் சரிபார்ப்பில் தடுமாறி நிற்பது இதனாலேயே. திருத்தம் பெறத் திங்கள் பல ஆகும். விளம்பரம் வந்தபின் கிடைப்பதோ சில வாரங்களே. பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி தங்கையரின் சான்றிதழ்களை இந்தக் கோடை விடுமுறையிலேயே எடுத்து, ஒன்றோடொன்று வைத்து, எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.