ஒக்டோபர் 30: போனதும் வந்ததும்



இந்தத் திகதியை எங்கள் சோனகத் தெருவில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, சனத்தை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். எனக்கு மூன்று வயது. காதுத் தோட்டையும் கழற்றி வாங்கினார்கள் என்று உம்மா சொல்லுவா. வடக்கு முழுவதிலுமாக அந்த மாதம் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள்.

போன கதையை வருடாவருடம் எழுதுகிறோம். வந்த கதையை யாரும் எழுதுவதில்லை.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததும் வாப்பா வந்து பார்த்தார். சுவர் நின்றது. ஓடு, வளை, கதவு, ஜன்னல் நிலை ஒன்றும் இல்லை. கிணற்றடியில் மட்டும் ஒரு செவ்வரத்தை பூத்து நின்றதாம். நாங்கள் வைத்ததல்ல.

யார் வைத்தார்கள் என்பதற்குத் தீவகத்தின் கதையைச் சொல்லவேண்டும். 1990 ஆகஸ்டில் இராணுவம் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணைப் பக்கம் இறங்கியபோது பிடித்துச் செல்லப்பட்ட பலர் திரும்பவே இல்லை. 1991இல் தீவகம் முழுவதும் படையினரிடம் போனது. குடாநாட்டுக்கு ஓடிவந்த தீவாரில் சிலருக்குக் கிடைத்தது எங்கள் வெறும் வீடுகள்தான். அவர்களும் அதில் நிலைக்கவில்லை. 1995இல் வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தது. திகதியைப் பாருங்கள்: அதுவும் ஒக்டோபர் 30.

அவர்கள் ஊர் திரும்பியதும் லேசில்லை. 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டியில் ஷெல் விழுந்து சனம் மறுபடி ஓடியது. பங்குத் தந்தை ஜிம் பிறவுண் அந்த மாதம் 20ஆம் திகதி காணாமற்போனார். இன்றுவரை தகவல் இல்லை. மண்டைதீவில் கடற்படைக்காகத் தனியார் காணியை அளக்க வந்தவர்களைச் சனம் மறித்ததும் உங்களுக்குத் தெரியும்.

எங்கள் தடை வேறு மாதிரி. 2009க்குப் பிறகு நாங்கள் ‘பழைய இடம்பெயர்ந்தோர்’ ஆகிவிட்டோம். உதவிகள் முதலில் போனது புதியவர்களுக்கு. அவர்களின் தேவை பெரிது, அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டுத் திட்டத்துக்கு நிரந்தரமாக இங்கே இருக்கவேண்டும் என்றார்கள். கூரை இல்லாத வீட்டில் எப்படி நிரந்தரமாக இருப்பது? அலுவலர் பார்க்க வந்த நாளில் வாப்பா மருந்தெடுக்கப் புத்தளம் போயிருந்தார். பெயர் வெட்டுப்பட்டது. 1990இல் இரண்டு பரப்புக் காணியில் ஒரு குடும்பம். இன்று ஐந்து. காணியை யாராவது பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் ஆண்டால் அவருக்கே சொந்தமாகலாம் என்ற பழைய சட்டமும் குறுக்கே நின்றது. யுத்த காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட 2016இல்தான் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வழக்குப் போட இரண்டே வருட அவகாசம். உறுதி தொலைத்தவர்களில் எத்தனை பேர் அதற்குள் கோட்டுப் படி ஏறியிருப்பார்கள்?

‘வீட்டை எடுத்துப்போட்டுப் புத்தளத்துக்கு ஓடுறாங்கள்’ என்று ஒரு பேச்சு இருக்கிறது. அப்படிச் செய்தவர்களும் உண்டு, மறைக்கவில்லை. பிள்ளையின் பாடசாலை அங்கே, தொழில் அங்கே, மையவாடியில் மூத்தப்பா அங்கே. இருபது வருடத்தில் மனிதன் வேர் விடாமல் இருப்பானா? கஷ்டத்தில் காணியை அறாவிலைக்கு விற்றுவிட்டு இப்போது சண்டைக்கு நிற்கும் எங்கள் ஆட்களுக்கும் ஒன்று சொல்வேன்: வாங்கியவர் எல்லோரும் கள்வர் இல்லை.

கல்வியியற் கல்லூரி முடித்து நான் இப்போது தீவகத்தில் படிப்பிக்கிறேன். போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்குப் பேரனோடு ஒரு அம்மம்மா வந்தார். மண்டைதீவுக்காரர். நான் சோனகத் தெரு என்றதும் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, ‘அங்க நாலு வருஷம் இருந்தனாங்கள் தம்பி’ என்றார். எந்த வீடு என்று சொல்லத் தெரியவில்லை. கிணற்றடியில் செவ்வரத்தை வைத்தீர்களா என்று கேட்டேன்.

‘இருந்த வீடெல்லாம் வைச்சனாங்கள்’ என்றார். அவரின் சொந்தக் காணி இன்னும் கடற்படை முகாமுக்குள்.