திருச்சியில் பனி பெய்த கதை

போன நவராத்திரிக்குப் பரணில் இருந்து கொலுப் பெட்டியை இறக்கும்போது ஒரு பொம்மை கை நழுவி விழுந்தது. பொம்மையோட கை போச்சு. என் கை பத்திரம் :-)

வேற எந்த பொம்மையா இருந்தாலும் பாட்டி ஒரு "ப்ச்" சொல்லிட்டு விட்டிருப்பா. இது ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்ட இடையன். எனக்கு விவரம் தெரிஞ்ச நாளில் இருந்து எங்க ஸ்ரீரங்கத்து வீட்டுக் கொலுவில் கோவர்த்தன மலைக்குப் பக்கத்தில் நிற்கிறவன். ஆயர்பாடி ஆசாமின்னுதான் நானும் நினைச்சிருந்தேன். ஆறாங்கிளாஸ் படிக்கும்போது நண்பன் ஒருத்தன் கூட திருச்சி லூர்து மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் பார்க்கப் போனப்பதான் குட்டு உடைந்தது. அதே இடையன், அதே பச்சை அங்கி, அதே ஆட்டுக்குட்டி. மாட்டுத் தொழுவத்தில், குழந்தை ஏசுவுக்குப் பக்கத்தில் நிக்கறான். ஓடி வந்து பாட்டியிடம் சொன்னேன். "ஆடு மேய்க்கிறவன் எந்த ஊர்க்காரனா இருந்தா என்னடா"ன்னு முடிச்சுட்டா. எந்தக் கடையில் யார் வாங்கினதுன்னு வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். கையை ஒட்ட வழி தேடினப்பதான் பாலிமர் க்ளேன்னு ஒண்ணு கண்ணில் பட்டது. மண் மாதிரி பிசையலாம், வீட்டு ஓவனில் வேக வைக்கலாம், கல் மாதிரி ஆயிடும். எப்படிப் பண்றதுன்னு வீடியோ தேடினா, பாதிக்குப் பாதி பனிதான். பனிமனிதன், பென்குவின், பனி மூடின ஓட்டு வீடு, மஃப்ளர் கட்டின கரடி. 130 டிகிரி சூட்டில் பனிமனிதனை வேக வைக்கிறதைப் பார்த்து ரொம்ப நேரம் சிரிச்சேன். அப்புறம் ஆபீஸ் ஆணிகளை ஓரம் கட்டிட்டு இது எங்க இருந்து வந்ததுன்னு படிக்க ஆரம்பிச்சேன்.

முதல் விஷயம், பாலிமர் க்ளே மண்ணே இல்லை. நம்ம தண்ணிக் குழாய் செய்கிற அதே பி.வி.சி.யின் நுண்ணிய துகள்கள், கூடவே அதை இளக்கி வைக்கிற எண்ணெய் மாதிரி ஒரு திரவம், நிறமி. அவ்வளவுதான். சூடு பண்ணினா துகள்கள் அந்தத் திரவத்தை உறிஞ்சிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கும். குயவர் சூளையில் நடக்கிறது வேற. அங்க பல நூறு டிகிரியில் மண்ணே வேதி மாற்றம் அடைந்து ஓடாகிறது. இங்க சூட்டைக் கூட்டினா பி.வி.சி. கருகி ஆசிட் புகைதான் வரும்.

இது பிறந்த கதையில் ஒரு பாட்டி வருகிறார். ஜெர்மனியின் புகழ்பெற்ற பொம்மைக்காரர் கேத்தே க்ரூஸ். 1939 வாக்கில், ஹிட்லர் ஆட்சியில் வழக்கமான பிளாஸ்டிக் பொருட்கள் கிடைக்காமல் போனப்ப, பொம்மை செய்ய மாற்றாக இந்தப் பிசைபொருள் அவரிடம் வந்தது. அவர் தொழிற்சாலைக்கு அது சரிப்படவில்லை. மகள் சோஃபியிடம் தள்ளிவிட்டார். வீட்டில் சோஃபியின் செல்லப் பெயர் ஃபிஃபி. அவர் வீட்டிலேயே பிசைந்து விளையாடி ஒரு பதத்துக்குக் கொண்டு வந்தார். 1960களில் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் அதை வாங்கி ஃபிமோ என்று விற்றது. ஃபிஃபியின் ஃபி அதில் ஒட்டிக்கொண்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்கல்பி வந்தது. அது ஆரம்பத்தில் டிரான்ஸ்ஃபார்மர் சூட்டைக் கடத்துறதுக்காகச் செய்த பொருளாம்! எலக்ட்ரிகல் சாமான் பொம்மையான கதையைக் கேட்டா, இன்ஜினியரிங் முடிச்சுட்டு கோட் அடிக்கிற நமக்கெல்லாம் ஒரு ஆறுதல்.

ரெண்டாவது விஷயம் பனி. ஏசு பிறந்ததாகச் சொல்லும் பெத்லகேமில் பனி அபூர்வம். 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் முதன்முதலில் தொழுவக் காட்சி அமைத்தப்போ பொம்மையே கிடையாது, நிஜ மாடும் கழுதையும்தான் நின்றன. கதைக்குள் பனியைக் கொட்டினவர்கள் வடக்கு ஐரோப்பியர்கள். பீட்டர் ப்ரூகல் 1566இல் பெத்லகேமை வரைந்தார், ஆனா அது பனி மூடின அவர் ஊர்ப் பக்கத்துக் கிராமம் மாதிரி இருக்கும். ஏரி உறைந்து கிடக்கு, பசங்க சறுக்கி விளையாடறாங்க. ஐரோப்பாவில் குளிர்காலங்கள் மிகக் கடுமையாக இருந்த நூற்றாண்டுகள் அவை. 1843இல் லண்டனில் கிறிஸ்துமஸ் கார்டு அச்சாகி விற்பனைக்கு வந்தது. அதற்கப்புறம் வந்த கார்டுகளில் ஏறி, பனி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

பொம்மைகளுக்கு வேற வழி. பிரெஞ்சுப் புரட்சியில் தேவாலயங்களை மூடினப்போ, தெற்கு பிரான்ஸில் ப்ரொவான்ஸ் மக்கள் வீட்டுக்குள்ளேயே சின்னக் குடில் வைக்க ஆரம்பித்தார்கள். மார்செய் ஊரின் லான்யெல் என்கிற சிற்பி பிளாஸ்டர் அச்சு செய்து, அதில் களிமண்ணை அழுத்தி எடுத்து, காய வைத்து மலிவாக விற்றார். பெயர் சாந்தோன், குட்டிப் புனிதர் என்று அர்த்தம். 1803இல் தொடங்கின சாந்தோன் சந்தை மார்செயில் இன்றும் நடக்கிறது. இதில் அழகு என்னன்னா, புனிதர்களோடு ஊர்க்காரர்களும் நிற்பார்கள். மீன்காரி, ரொட்டி சுடுகிறவர், அப்புறம் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்ட இடையன்! நம்ம செட்டியார் பொம்மையும் போலீஸ்காரரும் கொலுப் படியில் நிற்கிற மாதிரியேதான்.

நம்ம ஊருக்கு 1830களின் கடைசியில் பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரிகள் வந்தார்கள். 1844இல் நாகப்பட்டினத்தில் அவர்கள் தொடங்கின கல்லூரிதான் 1883இல் திருச்சிக்கு இடம் மாறிய செயின்ட் ஜோசப் கல்லூரி. அதன் பக்கத்தில் தெப்பக்குளத்தைப் பார்த்து நிற்கிற லூர்து மாதா கோயிலும் பிரான்ஸின் லூர்து கோயிலைப் பார்த்துக் கட்டினதுதான். இந்தப் பாதையில் எங்க இடையனின் கொள்ளுத் தாத்தாவும் வந்திருப்பான்னு நான் நம்பிக்கறேன். ஜாடை அப்படி. கோர்ட்டில் செல்லாது, எனக்குப் போதும்.

ஆனா செய்த கை தமிழ்க் கைதான். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரின்னு ஒரு ஊர். கொலு பொம்மைக்குப் பேர் போனது. அங்க அதே குடும்பங்கள், அதே மண், அதே சூளை. நவராத்திரிக்கு தசாவதாரம், அது முடிஞ்சதும் கிறிஸ்துமஸ் குடில் செட். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஒட்டகம், இடையர். கண்மாய் மண்ணை எடுத்து, ஊறவைத்து, கல் நீக்கி, மிதித்துப் பதப்படுத்தி, முன்பாதி பின்பாதியாக அச்சில் அழுத்தி ஒட்டி, நிழலில் காயவைத்து, சுட்டு, வர்ணம் அடிக்கணும். குடில் பொம்மை காய வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. ஈரம் போகாத பொம்மை சூளையில் வெடிக்கும். கடையில் பேரம் பேசும்போது இதெல்லாம் நமக்கு எங்க ஞாபகம் வருது? (என்னையும் சேர்த்துத்தான்.)

அப்போ திருச்சிக் குடிலில் பனி? மெடிக்கல் ஷாப் பஞ்சுதான். டிசம்பர் விடிகாலையிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிற ஊரில், வைக்கோல் கூரை மேல் பஞ்சைப் பிய்த்துப் போடுகிறோம். அதுக்காக நமக்குப் பனிக்காலம் இல்லாமல் இல்லை. தொல்காப்பியம் காலத்தில் இருந்தே முன்பனி, பின்பனி என்று ஆறு பருவத்தில் இரண்டைப் பனிக்குக் கொடுத்திருக்கிறோம். மார்கழியும் தையும் முன்பனி. அந்தப் பனி புல் நுனியில் நிற்கிறது, கோலத்தில் வைத்த பூசணிப்பூவை நனைக்கிறது. அதை உருண்டை பிடித்து மூக்குக்கு கேரட் வைக்க முடியாது, அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்தில் குளிருக்கு முன்னாடியே, கார்த்திகையில் கைசிக ஏகாதசி ராத்திரி நம்பெருமாளுக்கு 365 வஸ்திரம் சாத்துவார்கள். குளிர்காலச் சிற்பம்னு யாராவது கேட்டா எனக்கு அந்தச் சேவைதான் முதலில் ஞாபகம் வரும்.

இன்னொண்ணு. எங்க ஊர் மூலவர் பெரிய பெருமாள் கல் இல்லை, சுதைத் திருமேனி. அதனால் தண்ணீரில் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். பிசைந்து செய்த உருவத்தை எண்ணெய்தான் காப்பாற்றுதுங்கிற விஷயத்தை, ஃபிமோ பாக்கெட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே ஸ்ரீரங்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

கை என்ன ஆச்சு? கம்பி வைத்து, க்ளே பிசைந்து, விரல் எல்லாம் செதுக்கி, ஓவனில் 130 டிகிரி, அரை மணி நேரம். புதுக் கை அருமையா வந்தது. ஆனா பழைய வர்ணத்தை நான் கணக்கிலேயே எடுக்கலை. பச்சை அங்கி குமிழி விட்டது. வெள்ளை ஆடு பழுப்பு ஆடு. முகத்தில் ஒரு பக்கம் பெயிண்ட் உரிந்தது. எத்தனையோ வருஷம் கெடாத பொருளை அரை மணியில் கெடுத்தேன். டெஸ்ட் பண்ணாமல் நேரா ப்ரொடக்‌ஷனில் கை வைத்தால் இப்படித்தான்.

பாட்டி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"இது மண்ணாடா?"

"இல்ல பாட்டி. பிளாஸ்டிக்."

ஒண்ணும் சொல்லலை. உடைந்த பழைய கைத் துண்டுகளைப் பேப்பரில் மடித்துப் பெட்டிக்குள் வைத்தா. அப்புறம் விளக்குத் திரி போடுற பஞ்சில் கொஞ்சம் பிய்த்து, புதுக் கையும் தோளும் சேருகிற இடத்திலும் உரிந்த முகத்துப் பக்கமும் மெல்ல ஒட்டி வைத்தா. கோவர்த்தன மலைக்குப் பக்கத்தில் வழக்கமான இடத்தில் நிறுத்தினா.

"யாராவது கேட்டா அவா ஊர்ல பனின்னு சொல்லு."

ஒன்பது நாளும் யாரும் கேட்கவில்லை. ஆட்டுக்குட்டியின் பின்னங்கால் மட்டும் இன்னும் லேசா ஆடுது. அதை ஓவனில் வைக்கறதா இல்லை. ஃபெவிக்விக்தான்.