விக்ரம்ராஜுவின் விரல்

ஆறு பந்து. நாலு ரன். கையில் ஒரே ஒரு விக்கெட்.

1986 செப்டம்பர் 22, திங்கள்கிழமை. சென்னை சேப்பாக்கம் மைதானம். இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட்டின் ஐந்தாம் நாள், கடைசி ஓவர். பந்து கிரெக் மாத்யூஸ் கையில். சென்னை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசிய பிரகஸ்பதி! எதிரே ரவி சாஸ்திரி. மறுமுனையில் மணீந்தர் சிங். அருமையான சுழற்பந்து வீச்சாளர். பேட்டிங்? அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

அந்த ஓவரில் என்ன நடந்தது என்பது பலருக்கும் தெரியும். ஆனால், அந்த ஓவர் ஏன் வந்தது என்பதில் இருந்துதான் கதையைத் தொடங்க வேண்டும்.

முதல் நாலு நாளும் ஆஸ்திரேலியாவின் ராஜ்ஜியம். 574 ரன் அடித்துவிட்டு டிக்ளேர் செய்தார்கள். டீன் ஜோன்ஸ் மட்டும் 210. வாந்தி எடுத்து வாந்தி எடுத்து, கால் பின்ன ஆடி, கடைசியில் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றுகிற நிலைமைக்குப் போனார். கபில்தேவ் 119 அடித்து மானத்தைக் காப்பாற்ற, இந்தியா 397. ஃபாலோ ஆன் தப்பியது. நாலாம் நாள் முடிவில் ஆஸ்திரேலியா மறுபடி 170 ரன், ஐந்து விக்கெட்.

இனி இந்தியா ஜெயிக்க வழியே இல்லை. மறுநாள் காலையில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு டிக்ளேர் செய்தால் போதும், தோல்விக்கான கதவை இழுத்துச் சாத்திவிடலாம். எந்த கேப்டனும் அதைத்தான் செய்வார். ஆலன் பார்டர் செய்யவில்லை. ராத்திரி இருந்த ஸ்கோரிலேயே டிக்ளேர்! ஒரே நாளில் 348 ரன், முடிந்தால் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

இது ஒரு வியாபாரக் கணக்கு. எதிராளிக்கும் லாபம் கிடைக்கும் என்று ஆசை காட்டினால்தான் அவன் கடைக்குள் வருவான். ஜெயிக்க முடியாது என்று தெரிந்தால் இந்தியா நாள் முழுக்கக் கட்டை போட்டு டிரா செய்துவிடும். ஜெயிக்கலாம் என்று தோன்றினால் அடித்து ஆடும். அடித்து ஆடினால் விக்கெட் விழும்.

பார்டர் எதிர்பார்த்த மாதிரியே இந்தியா வந்தது. தொடர்ச்சியாகத் தன் நூறாவது டெஸ்ட்டை ஆடிய கவாஸ்கர் 90 அடித்தார். ஆறு விக்கெட்டுக்கு 331. இன்னும் 17 ரன்தான். அங்கேதான் சரிந்தது. சேத்தன் சர்மா, கிரண் மோரே, சிவலால் யாதவ் என்று மளமளவென்று மூன்று பேர் காலி. 344-க்கு ஒன்பது விக்கெட்.

அப்புறம்தான் அந்தக் கடைசி ஓவர்.

முதல் பந்தைத் தடுத்தார் சாஸ்திரி. இரண்டாவதில் இரண்டு ரன். இப்போது வெற்றிக்குத் தேவை இரண்டு, பாக்கி நாலு பந்து. மூன்றாவது பந்தை சாஸ்திரி தட்டிவிட்டு ஒரு ரன் ஓடினார். ஸ்கோர் சமம்!

இனி இந்தியா தோற்காது. ஆனால், ஜெயிக்க வேண்டிய அந்த ஒற்றை ரன்னை அடிக்க வேண்டியவர் மணீந்தர். சாஸ்திரி செய்தது சரியா? ஓடாமல் நின்று, தானே அடித்து முடித்திருக்க வேண்டாமா? இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், தவறில்லை. முதலில் முதலைக் காப்பாற்று, லாபம் பிறகு என்பதும் ஒரு நியாயம்தானே.

நாலாவது பந்தை மணீந்தர் தடுத்துவிட்டார். ஐந்தாவது பந்து காலில் பட்டது. மாத்யூஸ் கத்தி முடிப்பதற்குள் அம்பயர் விக்ரம்ராஜுவின் விரல் மேலே போய்விட்டது. எல்.பி.டபிள்யூ. இந்தியா 347 ஆல் அவுட். மேட்ச் டை.

டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன்பு ஒரே ஒரு டை. 1960 டிசம்பர், பிரிஸ்பேன், ஆஸ்திரேலியா - வெஸ்ட் இண்டீஸ். அதில் வீரராக ஆடிய பாப் சிம்ப்சன், சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளர். இரண்டாயிரத்து ஐநூறு டெஸ்ட்டுகளுக்கு மேல் ஆடியாகிவிட்டது. மூன்றாவது டை இன்னும் வரவில்லை.

மணீந்தர் விடவில்லை. பந்து மட்டையில் உரசிவிட்டுத்தான் காலில் பட்டது என்று பல வருடங்கள் கழித்தும் சொன்னார். விக்ரம்ராஜுவும் தன் முடிவு சரிதான் என்பதில் இருந்து நகரவே இல்லை. யார் சொல்வது சரி என்று சொல்ல அன்றைக்கு அல்ட்ரா எட்ஜ் கிடையாது, பந்தின் பாதையைப் போட்டுக் காட்டும் திரை கிடையாது. விரல் போனால் போனதுதான்.

ஒரு விஷயத்தை கவனியுங்கள். அந்தக் காலத்தில் சொந்த நாட்டு அம்பயர்களே நிற்பார்கள். ‘உள்ளூர் ஆளுக்கு உள்ளூர் அம்பயர் சாதகம்’ என்பதுதான் உலகம் முழுக்கப் புகார். இங்கே ஓர் இந்திய அம்பயர், சொந்த மண்ணில், சொந்த ஜனம் கூச்சல் போட, ஒரு ரன் பாக்கி இருக்கும்போது இந்தியாவின் கடைசி ஆளுக்கு அவுட் கொடுத்தார். முடிவு தப்பாகவே இருக்கட்டும். தைரியம் தப்பா?

அதன் பிறகு விக்ரம்ராஜு எந்த டெஸ்ட்டிலும் அம்பயராக நிற்கவில்லை. மொத்தமே இரண்டு டெஸ்ட்டோடு அவர் கணக்கு முடிந்தது.

எங்கள் திருமங்கலம் பக்கம் கோடையில் வற்றிய கண்மாயில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அங்கே எல்.பி.டபிள்யூ. என்பதே கிடையாது. ஏனென்றால், அம்பயராக நிற்பவன் பேட்டிங் டீமில் அடுத்து இறங்கக் காத்திருப்பவன். அவன் விரலைத் தூக்கிவிட்டுச் சொந்த டீமுக்குள் திரும்ப முடியுமா? நம்ப முடியாத தீர்ப்பை, தீர்ப்பே வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

பெரிய கிரிக்கெட்டுக்கு அது முடியாதே. 2008-ல் இலங்கையில் இந்தியா ஆடிய தொடரில் ஒரு புது ஏற்பாட்டைச் சோதித்தார்கள். அம்பயர் சொன்னதை ஏற்காவிட்டால் அப்பீல் செய்யலாம். ஆனால், தப்பாகக் கேட்டால் கணக்கில் ஒன்று போச்சு. அந்தத் தொடரில் இந்தியா கேட்டதில் பலித்தது ஒன்றே ஒன்று. நம்ம போர்டுக்குக் கசந்துவிட்டது. 2016-ல் இங்கிலாந்து தொடர் வரும்வரை இருதரப்புத் தொடர்களில் டி.ஆர்.எஸ். வேண்டவே வேண்டாம் என்று முரண்டு பிடித்தார்கள்.

அமெரிக்காவின் பேஸ்பாலிலும் இதே பஞ்சாயத்துதான். பந்து சரியான எல்லைக்குள் வந்ததா இல்லையா என்று பின்னால் நிற்கும் அம்பயர் சொல்வதுதான் வேதமாக இருந்தது. 2026 சீசன் முதல் மேஜர் லீகிலும் அப்பீல் வந்துவிட்டது. அணிக்கு இரண்டு வாய்ப்பு. ஜெயித்தால் வாய்ப்பு மிச்சம், தோற்றால் காலி. கேட்க வேண்டியது பேட்ஸ்மேன், பந்து எறிபவர், பிடிப்பவர் மூவரில் ஒருவர் மட்டுமே. வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் சைகை காட்டக் கூடாது.

சரி, கருவி வந்ததும் நியாயம் வந்துவிட்டதா? 2019 ஆகஸ்ட், லீட்ஸ். இங்கிலாந்தின் கடைசி ஜோடி. ஆஸ்திரேலிய கேப்டன் டிம் பெய்ன், ஜாக் லீச்சுக்கு எதிராகத் தன் கடைசி ரிவ்யூவைக் கேட்டு வீணடித்தார். அடுத்த ஓவரிலேயே பென் ஸ்டோக்ஸின் காலில் பந்து பட்டது. அம்பயர் கொடுக்கவில்லை. திரையில் பார்த்தால் ஸ்டம்ப்பைத் தாக்குகிறது! ஆனால், கேட்க கையில் ரிவ்யூ இல்லை. இங்கிலாந்து ஒரு விக்கெட்டில் ஜெயித்தது.

ரிவ்யூ என்பது நியாயம் இல்லை சார், முதலீடு. மாதக் கடைசிக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்காதவனுக்கு அவசரத்தில் யாரும் தர மாட்டார்கள். 1986-ல் டி.ஆர்.எஸ். இருந்திருந்தாலும், முன்னால் போன ஒன்பது பேர் மணீந்தருக்கு ஒரு ரிவ்யூ மிச்சம் வைத்திருப்பார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

டி.ஆர்.எஸ். செய்த பெரிய நன்மை வேறு. இப்போது அம்பயர் தவறு செய்தால் திரை திருத்துகிறது. அவர் லேசாகத் தலையை ஆட்டி, முடிவை மாற்றி, அடுத்த பந்துக்குத் தயாராகிவிடுகிறார். கேட்காமல் விட்டால் பழி கேப்டனுக்கு.

பார்டர் டிக்ளேர் செய்யாவிட்டால் டை இல்லை. மூன்று விக்கெட் சரியாவிட்டால் டை இல்லை. சாஸ்திரி ஓடாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ, தெரியாது. ஐந்து நாளில் இத்தனை பேர் சேர்ந்து கட்டிய முடிவு அது. அவர்கள் எல்லோருக்கும் யோசிக்க நேரம் இருந்தது. பார்டருக்கு ஒரு ராத்திரியே இருந்தது.

விக்ரம்ராஜுவுக்கு இருந்தது ஒரு நொடி. பழி மட்டும் ஆயுசுக்கும்.