பிளேக் வந்த பெங்களூர்



ஒக்கலிபுரத்தில் குடியிருப்போர்க்கு ரயில் ஓசை பழகிப்போன ஒன்று. நகரின் பெரிய ரயில் நிலையம் மிக அருகிலேயே இருக்கிறது. பிழைப்புத் தேடி வந்த தமிழருள் பலர் பெங்களூரில் முதன்முதலாகக் கால் வைத்ததும் அங்கேதான். 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹூப்ளியிலிருந்து பிளேக் நோய் இந்நகருக்குள் புகுந்ததும் அந்த இருப்புப்பாதை வழியாகத்தான்.

சமூகவியலார் பாதுகாப்பை இருவகையாகப் பகுத்துப் பேசுவர். தன் சேமிப்பாலும் சுற்றத்தாலும் முன்யோசனையாலும் ஒருவன் தேடிக்கொள்வது ஒன்று. குடிநீர், சாக்கடை, மருத்துவமனை, சட்டம் முதலிய பொது அமைப்புகள் எல்லார்க்கும் அளிப்பது மற்றொன்று. ஏட்டில் இரண்டும் இணக்கமாகவே இருக்கும். பிளேக் வந்த பெங்களூரிலோ ஒன்றோடொன்று மோதின.

அன்றைய பெங்களூர் இரு நகரங்களாக இருந்தது. மைசூர் அரசுக்குட்பட்ட பழைய பேட்டை ஒன்று. 1809 முதல் வளர்ந்துவந்த, ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த தண்டு மற்றொன்று. தண்டில் தமிழர் மிகுதி. பேட்டையின் நெருங்கிய சந்துகளில் குடியிருப்பும் தானியக் கிடங்கும் கலந்து கிடந்தன. எலிகளுக்கு அதனினும் வேறென்ன வேண்டும்!

நோய் பரவவே, அவரவரும் தத்தம் வழியை நாடினர். சொந்த ஊர் என்று ஒன்று இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். போக இடமில்லாதவர்கள் அம்மனிடம் அடைக்கலம் புகுந்தார்கள். பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் உள்ளன. 1891-இல் ஏறக்குறைய 1,80,000 ஆக இருந்த நகர மக்கள்தொகை 1901-இல் 1,59,000 அளவாகக் குறைந்தது. மாண்டோரும் வெளியேறியோரும் இக்குறைவில் அடங்குவர். எலியிடமிருந்து நோயை மனிதனுக்குக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்பதைச் சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதே 1898-இல் கராச்சியில் கண்டறிந்தார். அது உடனே ஏற்கப்படவில்லை. தப்பி ஓடியவனின் துணிமூட்டையே நோயை அடுத்த ஊருக்குச் சுமந்து செல்லக்கூடும் என்பதை அந்த எளிய குடும்பங்கள் எங்ஙனம் அறியும்?

அரசினர் கையில் 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் இருந்தது. வீடு புகுந்து சோதனையிட்டனர். நோயாளியைப் பிரித்து முகாமுக்குக் கொண்டுசென்றனர். நாட்டின் பல பகுதிகளிலும் மக்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தனர், பிணங்களையும் மறைத்தனர். புனாவிலோ பிளேக் அதிகாரி ராண்டு 1897-இல் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். ஆங்கிலத்தில் 'செக்யூரிட்டி' என வரும் இடங்களில் 'காப்பு' என்று எழுதுவதா, 'காவல்' என்று எழுதுவதா என மொழிபெயர்ப்பாளனாகிய நான் தயங்குவதுண்டு. அன்று அரசினர் காப்பு என்று கருதியதை மக்கள் காவல் என்றே கண்டனர்.

அச்சம் தணிந்தபின் எஞ்சியவை வேறு. மல்லேசுவரமும் பசவனகுடியும் அகன்ற தெருக்களோடும், வீடுகளின் பின்புறம் துப்புரவுச் சந்துகளோடும் வளர்ந்தன. தண்டில் 1906-இல் தொடங்கிய பிரேசர் டவுன், நோய்க்கு இடங்கொடாத குடியிருப்பாகவே திட்டமிடப்பட்டது. பிளேக்குக்கு முன்பே கடைக்கால் இடப்பட்ட விக்டோரியா மருத்துவமனை 1900-இல் திறக்கப்பட்டது. இவை யாவும் நன்மையே. ஆயினும் புதிய விரிவுகளில் மனைகள் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டன என்பதையும், மனை வாங்க வகையற்ற கூலியாளுக்கு அகன்ற தெரு எட்டாமலே நின்றது என்பதையும் சொல்லாது விடல் முறையாகாது. அமைப்பு தரும் பாதுகாப்பிலும் உள்ளே, வெளியே என்று இரண்டு உண்டு.

2020-இல் கொரோனா வந்தபோது அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் எடுத்தாளப்பட்டது. வெளிமாநிலத் தொழிலாளர் கால்நடையாகவே ஊர் திரும்பினர். வேற்றூரில் நெடுநாள் வாழ்ந்தும், அவர்களுள் பலருடைய ரேஷன் அட்டை சொந்த ஊரிலேயே இருந்தது. பசியோ பிழைக்க வந்த ஊரில். 'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' என்னும் ஏற்பாடு 2022-க்குள் எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்திற்குட்பட்ட அட்டையாயின், ஆம்பூரில் பெற்றதைக் கொண்டு ஒக்கலிபுரத்து நியாயவிலைக் கடையிலும் அரிசி வாங்கலாம். இது தெரியாமல், மாதந்தோறும் வெளிக்கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்குவோர் நம்மவருள் இன்னும் இருக்கலாம். அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லிவையுங்கள்.