கடல் போன பிறகும்

எங்கள் வீட்டு மீன்தொட்டியில் ஒரு சுரபுன்னைக் கன்று இருக்கிறது. நர்சரியில் வாங்கும்போது அது கன்றுகூட இல்லை. முருங்கைக்காயில் பாதி நீளத்துக்கு ஒரு பச்சைக் குச்சி. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, அப்புறம்தான் சேற்றில் விழும். அடிப்பகுதி மட்டும் தண்ணீரில் நனையும்படி தொட்டியின் ஓரத்தில் செருகி வைத்தேன். முதலில் வேர், பிறகு ஒரு ஜோடி இலை. மீன்கடை அண்ணன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "உப்புப் போடலையா தம்பி? செத்துடுமே" என்றார். கப்பி மீன்கள் ஓடும் நல்ல தண்ணீர் அது. உப்புப் போடவில்லை. ஒன்றரை வருஷமாகிறது, சாகவும் இல்லை.

என் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் படித்ததும் அந்தப் பெருமை போயிற்று. முதல் சில மாதங்கள் அந்தக் குச்சி தாய்மரம் கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றில்தான் வாழ்கிறது. அதற்குப் பிறகும் அதற்கு உப்பு அவசியமில்லை. உப்பைத் தாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்த வகை மரங்கள் கடல்நீரின் உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டிவிட்டுத்தான் தண்ணீரை இழுக்கின்றன என்று 1960களில் ஷோலாண்டர் என்ற உடலியலாளர் காட்டினார். நல்ல தண்ணீர் அதற்குச் சொகுசு. ஆனால் நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் வேகமாக வளரும் மற்ற மரங்கள் முந்திக்கொள்கின்றன. மற்றவர்களால் தாக்குப்பிடிக்க முடியாத இடம் என்பதால்தான் அலையாத்திக்குக் கடற்கரை கிடைத்தது.

அப்படியானால், ஆற்று நீரிலேயே நிலைத்துவிட்ட காடு எங்காவது உண்டா? தேடியபோது கிடைத்தது மெக்சிகோவின் சான் பெட்ரோ மார்ட்டிர் ஆறு. குவாத்தமாலாவில் தொடங்கி, டபாஸ்கோ மாநிலத்துக்குள் வந்து, உசுமசிந்தா ஆற்றில் கலக்கிறது. சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர், நம்ம போர் தண்ணீர் மாதிரி. அதன் கரையில் சிவப்பு அலையாத்திகள் நிற்கின்றன. பக்கத்துக் கடற்கரைக்கு 170 கிலோமீட்டர். மெரினாவிலிருந்து நேர்கோடு போட்டால் கிட்டத்தட்ட ஆம்பூர். பிரியாணிக் கடை வாசலில் சுரபுன்னை நிற்பதுபோல.

என் வேலையில் ஒரு புள்ளி இப்படித் தனியாக நின்றால் டேட்டா பிழை என்று தூக்கிவிடுவேன். கார்லோஸ் புரேலோ அப்படிச் செய்யவில்லை. சிறுவயதில் அப்பாவுடன் அந்த ஆற்றில் மீன்பிடிக்கப் போனவர். இந்த மரங்கள் இங்கே எப்படி வந்தன என்று அப்போதே யோசித்தவர். பின்னாளில் தாவரவியலாளராகி, மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து அதற்கு விடை தேடினார். 2021 அக்டோபரில் ஆய்வு வெளியானது.

யாராவது கொண்டுவந்து நட்டிருக்கலாமே என்பதுதான் எனக்கும் முதலில் தோன்றியது. மிதக்கும் விதை ஆற்றோட்டத்தை எதிர்த்து இவ்வளவு தூரம் ஏறாது. ஆகவே மனிதக் கை. மரபணு வேறு கதை சொன்னது. ஆற்று மரங்களும் மெக்சிகோ வளைகுடாக் கரையின் மரங்களும் பிரிந்து ஒரு லட்சம் வருஷத்துக்கும் மேலாகிறது. கோடு எழுதுபவர்களுக்குப் புரியும்: ஒரே ரெப்போ, மிகப் பழைய கிளை, அதன்பிறகு மெர்ஜே நடக்கவில்லை.

சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் பூமி வெதுவெதுப்பாக இருந்தது. கடல் இன்றைய மட்டத்தைவிட 6 முதல் 9 மீட்டர் உயர்ந்திருந்தது. டபாஸ்கோவின் தட்டையான சமவெளிக்குள் உப்புநீர் வெகுதூரம் நுழைந்தது. காடும் கூடவே வந்தது. பிறகு குளிர்ந்தது, பனி வளர்ந்தது, கடல் பின்வாங்கியது. கரையோரக் காடுகள் கடலைத் தொடர்ந்து போயின. இங்கே நின்றவை போகவில்லை. கடலோரத்துக்கே உரிய வேறு பல செடிகளும் இவற்றோடு தங்கிவிட்டன.

இவ்வளவு காலம் தாக்குப்பிடித்த காடு, கிட்டத்தட்ட ஒரு திட்டக் கோப்பில் முடிந்திருக்கும். 1972இல் மெக்சிகோ அரசு பலான்கான்–டெனோசிகே திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. மாடு மேய்க்கவும் பயிர் செய்யவும் அந்தப் பகுதியின் மழைக்காடுகளை வரிசையாக அழித்தார்கள். ஆற்றங்கரை தப்பியதற்குக் காரணம், புல்டோசர்களால் அங்கே போக முடியவில்லை என்பதுதான். யாரும் தடுக்கவில்லை, யாரும் மனம் மாறவில்லை. அந்த மரங்களின் வயதும் அப்போது யாருக்கும் தெரியாது. வரைபடத்தில் அது வெறும் ஆற்றோரப் புதர். நான் அந்த அலுவலகத்தில் இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மீன்கடை அண்ணனிடம் இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். ஒரு லட்சம் வருஷம் என்றதும் வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு போட்டோவை மறுபடி வாங்கிப் பார்த்தார்.

"அது சரி தம்பி, இது மரமாச்சே. தொட்டி மூடியை இடிக்கப்போகுது. அப்புறம் எங்க வைப்பீங்க?"