கொடுத்ததே நிலைக்கும்

சிங்கப்பூரின் மேற்குப் புறத்திலுள்ள சுவா சூ காங்கை நம் அன்பர்களிற் பலர் இடுகாட்டின் பெயராகவே அறிவர். தியோச்சூச் சீனரின் பேச்சிலே ‘சூ’ என்பது வீடு. ‘காங்’ என்பது ஆற்றுத்துறை. சுவா குலத்தார் வீடமைத்த துறை என்பதே அப்பெயரின் பொருள். ஒரு குலத்தின் பெயரைத் தாங்கிய அவ்வூர், இன்று பல குலத்தாரும் பல சமயத்தாரும் உறங்கும் இடமாயிற்று. ஒரு சமயத்தார் புத்துயிர் பெறுவது தம்மவர்க்குக் கொடுப்பதனாலா, அயலார்க்குக் கொடுப்பதனாலா என்ற வினாவை அவ்வூரிலிருந்தே தொடங்குவோம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அவ்வூரும் அண்டையிலுள்ள கிராஞ்சியும் காம்பியர், மிளகுத் தோட்டங்களாயிருந்தன. காம்பியர் இலையைக் காய்ச்சித் தோல் பதனிடும் சரக்கை எடுத்தனர். எஞ்சிய சக்கை மிளகுக் கொடிக்கு எருவாயிற்று. உழைத்தவர் சீனத் தொழிலாளர். 1844-ம் வருஷம் சிங்கப்பூர் வந்த அனத்தோல் மொதுயி என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், நகரத்தின் வசதியை விட்டு, காடு திருத்திய இவ்வேழைகளை நாடிச் சென்றார். 1846-ல் புக்கித் தீமாவில் புனித சூசையப்பர் பெயரால் எளியதொரு கோயில் எழுந்தது.

இத்தொண்டுக்கு விலை கொடுக்க நேர்ந்தது. ஞானஸ்நானம் பெற்ற சீனர் இரகசியச் சங்கங்களுக்கு அடங்க மறுத்தனர். அச்சங்கத்தாரின் சினம் 1851-ல் கலகமாய் மூண்டது. தோட்டங்கள் சூறையாடப்பட்டன, கிறிஸ்தவர் 500 பேருக்கு மேல் மாண்டனர் என்று அக்காலத்தார் கணக்கிட்டனர். அச்சபை அத்தோடு அழிந்ததா? இல்லை. 1853-ல் அதே புக்கித் தீமாவில் செங்கற்கோயில் நிமிர்ந்தது. 1858-ல் மொதுயி பாதிரியார் மறைந்தார். அவர் தொடங்கிய சபையோ இன்றும் நிலைத்துள்ளது.

நகரத்திலே நம்மவர் நிலை என்ன? பியேர் பாரி என்னும் மற்றொரு பிரெஞ்சுப் பாதிரியார் சீனமும் தமிழும் கற்று, இருசாராருக்கும் குருவாயிருந்தார். அயலான் ஒருவன் நம் மொழியை வருந்திக் கற்று, நம் துயரை நம் சொல்லாலேயே கேட்பானாயின், அதனினும் பெரிய கொடை யாதுளது? 1870-ல் முடிந்த புனித பேதுரு பவுல் ஆலயத்தில் தமிழரும் சீனரும் ஒரே கூரையின்கீழ் வணங்கினர். அக்கோயிற் பணிக்குத் தான் நோ கியா என்னும் சீனர் முன்னின்று உதவினார். அவ்வுதவியின் நிழலில் நம்மவரும் ஒதுங்கினர் என்பதை மறத்தலாகாது.

பிறகு தமிழர்க்கெனத் தனிக்கோயில் வேண்டப்பட்டது. அரசாங்கம் நிலம் அளித்தது. 1886-ல் ஒஃபிர் சாலையில் அடிக்கல் நாட்டப்பெற்று, 1888-ல் லூர்து மாதா ஆலயம் திறக்கப்பட்டது. தாய்மொழியில் செபிக்க விரும்புதல் குற்றமன்று. ஆயினும், ‘எமக்கே’ என்னும் சொல்லில் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது.

அவ்வபாயத்தைத் தாய்நாட்டிலே காண்க. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1870-களில் கட்டப்பெற்ற கத்தோலிக்கக் கோயிலுக்கு இரு நடைகள், ஜாதியால் உயர்ந்தோர் எனப்பட்டவர் ஒரு புறம், தாழ்ந்தோர் எனப்பட்டவர் மறுபுறம், நடுவே சுவர். பலிபீடம் ஒன்று, பாதை இரண்டு! அக்கோயிலுக்கும் காணிக்கை இட்டவர் உண்டு; ஆனால் அக்காசு சுவரைக் காத்ததேயன்றி மனிதரைச் சேர்க்கவில்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர் இடிக்கப்பட்டபோது, தம் உரிமை போயிற்றென்று சிலர் வழக்காடினர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் அவ்வழக்கு நிலைக்கவில்லை. தன் ஜாதிக்குள்ளேயே சுற்றும் பொருளைத் தர்மம் என்பது எவ்வாறு? அது வலக்கைப் பணத்தை இடக்கைக்கு மாற்றுவதேயன்றோ!

ஒஃபிர் சாலைக் கோயில் வேறு வழி சென்றது. 1974-ல் இன அடிப்படையிலான பங்குமுறை ஒழிந்தபின், அது யாவர்க்கும் உரியதாயிற்று. அதனால் தமிழ் அழிந்ததா? இன்றும் அங்கே தமிழில் திருப்பலி நடைபெறுகிறது. 2005-ல் அது தேசிய நினைவுச்சின்னமாயிற்று. கதவைத் திறந்ததனால் வீடு குறையவில்லை.

மீண்டும் சுவா சூ காங்கிற்கு வருவோம். இன்று சிங்கப்பூரில் புதிதாய்ப் புதைப்பதற்கு இடந்தரும் இடுகாடு இதுவொன்றே. 1998 முதல் அங்கே ஒரு கல்லறைக்கு அளிக்கப்படும் காலம் 15 வருஷமே. பின்னர் தோண்டி எடுத்து, சமயம் இடந்தரின் எரிப்பர், இல்லையேல் சிறிய இடத்தில் மறுபடி அடக்கஞ்செய்வர். செல்வனுக்கும் கூலிக்காரனுக்கும் அதே 15 வருஷம்.

ஆறடி மண்ணும் நமக்குச் சொந்தமில்லையெனில், நம்முடையது எது? தோட்டத்திலாயினும் நகரத்திலாயினும், கோயிலுக்கு இடும் காசை எண்ணுமுன், அது எந்தச் சுவரைத் தாண்டிச் செல்கிறது என்று எண்ணிப் பார்ப்போமாக. தாண்டிச் சென்றதே கொடை; கொடுத்ததே நிலைக்கும்.